ஐந்தாம் விதியின்படி நீக்கப்பட்டது

"யாரைக் கேட்டுடி போட்டே அவர் பேரை? ஊரு உலகமெல்லாம் பாக்கற இடத்துல—"

"ஊரு உலகம் பாக்கட்டும்னுதானே போட்டேன்! நாலு பேர் பாத்தாத்தானே—"

"—பேரு, பொறந்த வருஷம், ஆத்துல போனதுன்னு ஒண்ணு விடாம—"

"—யாராவது சொந்தக்காரங்க வந்து சொல்லுவாங்க!"

"முதல்ல என்னைப் பேச விடு!"

"நீதானே பேசிட்டிருக்கே, வந்ததுலேருந்து! நான் எங்கே வாயைத் திறந்தேன்?"

கண்ணாடிக் கடையின் நடுவே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார், மூக்கின் மேல் கண் சோதிக்கிற கனமான சட்டமும் இடது கண்ணுக்கு மறைப்புமாக, மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, நாலாவது வரி வரைக்கும் தெரியுதுங்க. யார் பேசறாங்கங்கறதுதான் தெரியல."

"எங்கக்கா சார். கண்டுக்காதீங்க. அஞ்சாவது வரி படிங்க."

"நான் சாயங்காலமா வரேனே" என்றார் வாத்தியார். தானே சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் பழைய கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவினார்.

"பாத்தியா, ஒரு கிராக்கியைத் துரத்திட்டே" என்றாள் தங்கை.

தங்கைக்கு அறுபத்தொன்று. தெருவில் கண்ணாடிக்காரம்மா என்றால்தான் தெரியும். இருபத்தொரு வயதில் இதே கடையில் லென்ஸ் தீட்டும் மெஷினுக்குப் பின்னால் நின்றவள். முதலாளி கண் மூடிய பிறகு கடையே அவளுடையது ஆயிற்று. அக்காவுக்கு அறுபத்தாறு. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் படுக்கை விரிப்புகளை எண்ணி எண்ணி வாங்கியவள். அந்த எண்ணுகிற கண்டிப்பு ஓய்வு பெற்ற பிறகும் குரலில் இருந்தது.

சண்டை அக்காவின் புருஷனைப் பற்றி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றோடு போனவர்.

அவரை இப்போது இழுத்தது அக்காவின் மகனுடைய கண். மகன் பேருந்து ஓட்டுகிறவன். மூன்று மாதமாக ஓரத்தில் வருகிற வண்டி தெரியவில்லை என்கிறான். கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது பரம்பரையா வர்றதா இருக்கலாம். உங்கப்பா பக்கம் யாருக்காவது இப்படி இருந்துச்சான்னு கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா பக்கத்தில் யாரைக் கேட்பது? அத்தான் ஒண்டிக்கட்டையாக வந்து வாழ்க்கைப்பட்டவர் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. அண்ணன் தம்பி பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

அதனால்தான் கண்ணாடிக்காரம்மா, முன்னோர்களைத் தேடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்றே பாட்டு வாங்கினாள். "அவசரம்!!! உதவுங்கள்!!!" என்று தலைப்பிட்டு எழுதியதற்கு, குழுவின் நெறியாளர் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார். 'இங்கே எல்லாருக்குமே அவசரம்தான் அம்மா, தேடப்படுகிறவர்களைத் தவிர. தலைப்பில் பெயர், ஊர், வருஷம் இருக்க வேண்டும். ஆச்சரியக்குறி ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால் நல்லது.' உறுப்பினர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சட்டாம்பிள்ளை. பன்னிரண்டு விதிகள் எழுதி மேலே ஒட்டிவைத்திருந்தார். எழுதத் தொடங்கும் முன் கொஞ்ச நாள் பேசாமல் படியுங்கள். பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். தெரியாது என்று சொன்னவருக்கும் நன்றி சொல்லுங்கள். கிடைத்த ஒவ்வொரு கொள்ளுத்தாத்தாவையும் அரச வம்சம் ஆக்காதீர்கள்.

கண்ணாடிக்காரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அரை மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் உட்காராத தொழில் அவளுடையது. பன்னிரண்டு விதிகளையும் மனப்பாடம் செய்தாள். ஒரு வாரம் வாய் திறக்காமல் படித்தாள். அப்புறம் திங்கட்கிழமை காலையில், பெயர், ஊர், வருஷம், 'ஆற்றில் மூழ்கி இறந்தார்' என்கிற விவரம் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, 'இவருடைய பெற்றோர், உடன்பிறந்தார் பற்றி அறிந்தவர் உண்டா?' என்று கேட்டாள்.

அக்காவின் காதுக்கு அது செவ்வாய்க்கிழமை எட்டியது. இன்று புதன்.

"எடுத்துடு" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "இப்பவே, என் கண் முன்னாடி எடு."

"உன் பிள்ளை கண்ணுக்காகத்தானேக்கா—"

"அவனுக்கு அப்பா காய்ச்சல்ல போனார்னு சொல்லி வளத்திருக்கேன். நீ ஆறுன்னு எழுதியிருக்கே. அவன் படிச்சா என்னைக் கேப்பான்ல? ஏன் ஆத்துக்குப் போனார், அன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சுன்னு கேப்பான்ல? என்ன சொல்லட்டும்? 'போய்த் தொலைங்க'ன்னு நான்தான்டா சொன்னேன், அவரும் போய்த் தொலைஞ்சார்னு சொல்லட்டுமா?"

முப்பத்தெட்டு வருஷமாக அந்த இரண்டு வார்த்தையைத்தான் அக்கா தின்றுகொண்டிருக்கிறாள். அன்று காலையில் ஏதோ ஒன்றுமில்லாத சண்டை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் ஆற்றங்கரையில் மடித்த சட்டை, அதன் மேல் கண்ணாடி, பக்கத்தில் செருப்பு. உடம்பு கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் பத்தடி நடக்க முடியாத மனுஷன். கண்ணாடி கரையில் இருக்கிறது என்றால் ஆள் தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று எல்லாருமே முடிவு கட்டினார்கள். அதற்கப்புறம் அக்கா யாரையும் வாய்விட்டுத் திட்டியதில்லை, தங்கையைத் தவிர.

"சரி, எடுத்துடறேன்" என்று தங்கை கைப்பேசியைத் திறந்தாள்.

பதிவு அங்கே இல்லை.

பதிவு இருந்த இடத்தில் சட்டாம்பிள்ளையின் நான்கு வரி இருந்தது. கண்ணாடிக்காரம்மா அதை உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

"'தங்கள் பதிவு ஐந்தாம் விதியின்படி நீக்கப்பட்டது. இது குறிப்பிடப்பட்டவரின் வேண்டு—'"

நிறுத்திவிட்டாள். அந்த வரியை மறுபடி மனசுக்குள் படித்தாள்.

"என்னடி?"

"எடுத்துட்டாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு!"

"அக்கா, இது அஞ்சாவது விதி."

"அஞ்சோ பத்தோ, எடுத்தாச்சுல்ல?"

"அஞ்சாவது விதி உசுரோட இருக்கறவங்களைப் பத்தினதுக்கா. உசுரோட இருக்கறவங்களைப் பத்தி எழுதக் கூடாது. யாரைப் பத்தி எழுதினோமோ அவங்களே வந்து கேட்டாத்தான் எடுப்பாங்க. பொண்டாட்டி கேட்டாலும் சரி, பிள்ளை கேட்டாலும் சரி, வேற யார் கேட்டாலும் எடுக்க மாட்டாங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்த ஃபிரேம்களைப் பார்க்கத் தொடங்கினாள். அதிர்ச்சியில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்தாள் தங்கை. "ஒரு நிமிஷம்" என்றுவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

பின்னறையில் மெஷினுக்கு மேலே அட்டைப் பெட்டிகள். இந்தக் கடையில் கண்ணாடி செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. அத்தானின் அட்டையைத் தேடத் தேவையில்லை. அது பெட்டியில் இல்லை. கீழ் இழுப்பறையில், ஒரு கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் இருந்தது. கூட்டுக்குள் இருப்பது ஆற்றங்கரையில் கிடைத்த கண்ணாடி. "உன் கையால செஞ்சது, நீயே வச்சுக்கோ, என்னால பாக்க முடியல" என்று அக்கா அன்றைக்குக் கொடுத்தது.

அட்டையில் அவளுடைய இருபத்தொரு வயதுக் குண்டு எழுத்து. வலது, மைனஸ் பதினொன்று. இடது, மைனஸ் பத்தரை. கீழே இரண்டு வருஷம் கழித்து இன்னொரு வரி. அதே பவர். இரண்டாவது ஜோடி. கொடுத்த தேதி, அவர் ஆற்றுக்குப் போனதற்கு நான்கு நாள் முன்னால்.

முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் அத்தான் வந்தார். "உங்கக்காகிட்ட சொல்லிடாதே தாயே. இருக்கறதைப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்லை, இன்னொண்ணு கேக்குதான்னு ஒரு நாள் பூரா திட்டுவா. ஒண்ணு உடைஞ்சா ஒண்ணு வேணுமில்ல?" அவள் சிரித்தாள். அக்காவிடம் மறைக்க ஒரு ரகசியம் கிடைத்ததில் ஒரு குஷி. அவ்வளவு கனமான பவரை அந்த நாளில் வேறெந்தக் கடையிலும் தீட்ட மாட்டார்கள். பத்து நாள் உட்கார்ந்து தீட்டிக் கொடுத்தாள். வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "உன் முகம் இப்பத்தான் ஒழுங்காத் தெரியுது" என்றார்.

ஆற்றங்கரைக்கு முதலில் ஓடியவளும் அவள்தான். அக்கா வருவதற்குள் மடித்த சட்டையைத் தூக்கிப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். பை காலியாக இருந்தது. இரண்டாவது ஜோடி கால்சட்டைப் பையில் இருந்திருக்கும், அவரோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சொன்னால், 'நீ ஏன் செஞ்சு குடுத்தே' என்று கேட்பார்களே என்று பயம். மறுநாள் சொல்லலாம் என்றால் அக்கா எழுந்து உட்காரவே இல்லை. ஒரு மாதம் போனது. அதற்கப்புறம் சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இப்படியே முப்பத்தெட்டு வருஷம். கால்சட்டைப் பை, கால்சட்டைப் பை என்று சொல்லிச் சொல்லியே அதை நிஜமாக்கி வைத்திருந்தாள்.

அட்டையை மேல்கோட்டுப் பைக்குள் தள்ளினாள். கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு—"

"நான் சொல்றதை முதல்ல கேளு" என்றாள் அக்கா. அவள் கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கிப் பிடித்திருந்தாள். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட சின்னப் பெண்ணின் முகம். "நான்தான்டி எழுதினேன்."

"எதை?"

"அந்த ஆளுக்கு. சட்டாம்பிள்ளையோ யாரோ. நேத்து மத்தியானம் விதியெல்லாம் படிச்சுப் பாத்தேன். நீதான் அனுப்பியிருந்தியே, படிச்சுப் பாரு படிச்சுப் பாருன்னு. பொண்டாட்டி கேட்டா எடுக்க மாட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. அதான் அவர் பேர்லயே எழுதிட்டேன். 'நான் உயிரோடதான் இருக்கேன், எடுத்துடுங்க'ன்னு."

கண்ணாடிக்காரம்மா அவளையே பார்த்தாள். பிறகு வாத்தியார் விட்டுப்போன சுழல் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். நாற்காலி அவளை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது, அடக்க முடியவில்லை.

"அடிப்பாவி! செத்த மனுஷன் பேர்ல கடுதாசியா!"

"சிரிக்காதடி."

"என் உசுரே போயிடுச்சுக்கா! ஒரு நிமிஷத்துல எங்கெங்கேயோ போயிட்டு வந்துட்டேன்!"

"நீ எதுக்குப் போகணும்? என் புருஷன்."

சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டாள். இனிமேல் எதற்கு? கால்சட்டைப் பை மறுபடி நிஜமாயிற்று. கூட்டை மேசை மேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, கேட்டுக்கோ. நீ செஞ்சது பெரிய தப்பு. அந்தக் குழுவுல ஆள் மாறாட்டம் பண்ணினா என்னையும் சேத்து வெளியே தள்ளிடுவாங்க. உன் பிள்ளைக்காக நாளைக்கு மறுபடி கேக்கணுமா வேண்டாமா? இப்பவே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடுவோம். ஆறுங்கறதை எடுத்துட்டு, வெறுமனே காலமானார்னு போடச் சொல்லுவோம். உனக்கும் நிம்மதி."

"நீயே கேளு. எனக்கு வாய் வராது."

"எழுதறதுக்கு மட்டும் கை வந்துச்சாக்கும்!"

சட்டாம்பிள்ளையின் எண் விதிகளுக்குக் கீழேயே இருந்தது: 'திருத்தங்களுக்கும் மன்னிப்புகளுக்கும், காலை பத்து முதல் ஒன்று வரை.' மணி பன்னிரண்டரை. அக்காவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றது ஒரு வயதான குரல். பின்னால் காகிதம் புரளும் சத்தம். "பதிவை எடுத்தது பத்தின்னா, விளக்கம் கேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேனே."

"கேக்கலைங்க ஐயா. மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன். எங்கக்கா விவரம் தெரியாம, இறந்துபோன எங்கத்தான் பேர்ல உங்களுக்கு எழுதிட்டாங்க."

"ஓ, அந்த அம்மாவா!" சட்டாம்பிள்ளை சிரித்துவிட்டார். "நான் உயிரோடதான் இருக்கேன்னு முதல் வரியில எழுதிட்டு, ரெண்டாவது வரியில 'என் வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்க'ன்னு எழுதியிருந்தாங்க. இருபத்துரெண்டு வருஷமா குழு நடத்தறேன்மா, இப்படி ஒரு ஆம்பளையை நான் பாத்ததில்ல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கைக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க ஐயா."

"சேச்சே. அதை நேத்து மத்தியானமே தள்ளுபடி பண்ணிட்டேனே. அதுல என்ன மன்னிப்பு?"

"ரொம்ப நன்றிங்க ஐயா. அப்ப அந்தப் பதிவை..." என்று ஆரம்பித்த கண்ணாடிக்காரம்மா அப்படியே நின்றாள். "தள்ளுபடி பண்ணிட்டீங்களா?"

"பின்னே? விதி விதிதானே."

"தள்ளுபடி பண்ணிட்டீங்கன்னா... பதிவை ஏன் எடுத்தீங்க?"

காகிதச் சத்தம் நின்றுபோனது.

"அம்மா, நீங்க..." என்றார் சட்டாம்பிள்ளை. குரலில் இருந்த சிரிப்பு மொத்தமாக வடிந்திருந்தது. "குறிப்பு பாத்துட்டுத்தானே கூப்பிட்டீங்க? உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு வேண்டுகோள் வந்துச்சும்மா. அந்த அம்மாவோடது ஒண்ணு. அதைத் தள்ளிட்டேன். ராத்திரி வந்தது இன்னொண்ணு."

எதிரே நிலைக்கண்ணாடியில், வாயைப் பொத்தின கை அப்படியே இருக்க, அக்காவின் கண் மட்டும் தெரிந்தது.

"யாராவது விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க ஐயா" என்றாள் தங்கை. தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"விளையாட்டுக்கெல்லாம் நான் எடுக்க மாட்டேன்மா. அடையாள அட்டை கேட்டேன், காட்டினார். இன்னிக்குக் காலையில நானே வீடியோவுல பாத்துப் பேசினேன். ஆறு வருஷமா உறுப்பினர் அவர். இந்த ஆறு வருஷத்துல ஒரு வரி எழுதினதில்ல, வெறுமனே படிச்சுக்கிட்டே இருந்தவர். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. நான் சொன்னதே அதிகம்."

"வயசானவரா?" கேட்டது அக்கா. அவ்வளவு நேரம் இல்லாத குரல். "ஐயா, அவர் எப்படி... அடையாள அட்டையை எப்படிக் காட்டினார்?"

சட்டாம்பிள்ளை தயங்கினார். இருபத்துரெண்டு வருஷம் விதியைக் காத்த மனுஷர். ஆனால் அந்தக் குரல் அவரையும் என்னவோ செய்திருக்க வேண்டும்.

"எல்லாரும் காட்டற மாதிரிதாம்மா. சரியான பக்கமான்னு பாக்க, மூக்கு இடிக்கற அளவுக்குக் கிட்ட வச்சுப் பாத்துட்டுக் காட்டினார். கண்ணாடி ரொம்பத் தடிமனா இருந்துச்சு." உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். "நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒண்ணு வேணா செய்யலாம். நீங்க பதிவுல எதைக் கேட்டீங்களோ, அந்தக் குடும்ப விவரத்தை ஒரு கடிதமா எழுதிக் குடுங்க. பிரிக்காம அவர்கிட்ட சேத்துடறேன். பதில் போடறதும் போடாததும் அவர் இஷ்டம். அது பன்னிரண்டாவது விதி. வச்சிடறேம்மா."

கைப்பேசியின் வெளிச்சம் அணைந்தது.

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள். அவள் அழவில்லை. சலவைக்கு வந்த மூட்டையில் ஒரு விரிப்பு குறைந்தால் எப்படி நிற்பாளோ, அப்படி நின்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். சட்டை, செருப்பு, கண்ணாடி.

"கடுதாசி எழுதுவோம்க்கா" என்றாள் தங்கை. "பிள்ளை கண்ணைப் பத்தி மட்டும் கேப்போம். வேற ஒண்ணும் வேண்டாம். காகிதம் எடுக்கட்டுமா?"

அக்கா மேசை மேல் இருந்த கூட்டைத் திறந்தாள். முப்பத்தெட்டு வருஷம் பார்க்கமாட்டேன் என்று சொன்னதைக் கையில் எடுத்தாள். காதுக்கம்பிகளை விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அந்தத் தடித்த லென்ஸ் வழியாகத் தங்கையைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் அக்காவின் கண் இரண்டும் கடுகளவாகச் சிறுத்துத் தெரிந்தன.

கண்ணாடிக்காரம்மாவின் கை மேல்கோட்டுப் பையை அழுத்திப் பிடித்தது. உள்ளே அட்டை மடங்கியது.

"இதைக் கரையில வச்சுட்டுப் போனவருக்கு" என்றாள் அக்கா, ஒவ்வொரு சொல்லாக, "போட்டுக்கிட்டு நடக்க இன்னொண்ணை யாருடி செஞ்சு குடுத்தா?"